தத்துப் பிள்ளையும் திருச்சபையும்

செட்டிநாட்டில் வளர்ந்தவர்களுக்குப் 'பிள்ளை கூட்டுதல்' என்னும் சொல் புதியதன்று. காரைக்குடியில் நான் சிறுவனாயிருந்த காலத்தில், எங்கள் தெருவிலிருந்த பெரிய வீடு ஒன்றில் அச்சடங்கு நிகழக் கண்டிருக்கிறேன். முகப்பிலே பாய் விரித்துப் பங்காளிகள் வரிசையாக அமர்ந்திருந்தனர். வளவுக்குள்ளே ஆச்சிமார் கூடியிருந்தனர். நடுவிலே எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் பட்டு உடுத்து, என்ன நடக்கிறது என்பதை முற்றும் அறியாதவனாய் நின்றான். அன்று மாலை அவனைப் பெற்ற தாய் ஊருக்குப் புறப்பட்டபோது அவன் அழவில்லை. வாயிலில் நின்று, வண்டி தெருமுனை திரும்பும் வரையில் பார்த்திருந்தான். பிறகு என்னிடம் வந்து, "உன்னை உங்கள் வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்?" என்று கேட்டான். அன்றுதான் அவனுக்குப் புதிய பெயர் சூட்டியிருந்தார்கள். அக்கேள்வியின் ஆழம் எனக்கு அப்போது விளங்கவில்லை. வரலாற்றைக் கற்கவும் கற்பிக்கவும் தொடங்கிய பின்னரே சிறிது சிறிதாக விளங்கிற்று.

தத்துப் பிள்ளை என்பவன் யார்? அவன் யாருக்காகத் தத்து எடுக்கப்படுகிறான்? அவனை எடுத்த வீட்டுக்குத் துணை நிற்க வேண்டியவர் யாவர்? இவ்வினாக்களை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதும், அவற்றில் கிறிஸ்தவத் திருச்சபைகளுக்கு உரிய பங்கு யாது என்று காண்பதும் இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் நம் ஊர் வழக்கத்தைப் பார்ப்போம். நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் ஒன்பது கோயில்களைச் சார்ந்தவர்கள். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்பன அவை. ஒரு கோயிலைச் சார்ந்தோர் தம்முள் பங்காளிகள் ஆவர். பிள்ளை கூட்டுவதும் அப்பங்காளிகளுக்குள்ளேயே நிகழும். மஞ்சள் நீர் பருகுவது அச்சடங்கில் முதன்மையான பகுதி. ஆதலால் தத்துப் பிள்ளைக்கு 'மஞ்சள்நீர்ப் புத்திரன்' என்னும் பெயர் வழங்கியதை எட்கர் தர்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர் 1909ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூல் தொகுதியிலே குறித்துள்ளார். குடும்பத்தின் பெயர் விளங்கவும், கடல் கடந்து ஈட்டிய பொருளைக் காக்கவும், பெற்றோர்க்குரிய இறுதிக் கடன்களைச் செய்யவும் ஆண் மகன் ஒருவன் வேண்டும் என்பதே இவ்வழக்கத்தின் அடிப்படை.

இவ்வாறு பிள்ளையாகச் சென்றவர்களுள் தமிழுலகம் முழுவதும் அறிந்த ஒருவர் உண்டு. கவிஞர் கண்ணதாசன் 1927ஆம் ஆண்டில் சிறுகூடல்பட்டியில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் முத்தையா. காரைக்குடிக் குடும்பம் ஒன்று 7000 ரூபாய் அளித்து அவரைத் தத்து எடுத்துக்கொண்டது. அவ்வீட்டில் அவர் நாராயணன் ஆனார். பின்னர் தாமே சூட்டிக்கொண்ட மூன்றாம் பெயரே நாம் அறிந்த பெயர். வாழ்வின் இறுதிக் காலத்தில் அவர் 'இயேசு காவியம்' என்னும் நூலைப் பாடினார் என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். வளர்ப்புத் தந்தையாகிய சூசையப்பரின் மனையில் வளர்ந்த ஒரு பிள்ளையின் வரலாற்றை, பிள்ளையாகக் கொடுக்கப்பட்ட ஒருவரே தமிழில் காவியமாக்கினார். கிறிஸ்தவ சமயத்தின் முதற் குடும்பமே ஒரு வளர்ப்புக் குடும்பம் என்பதை எண்ணும்போது, திருச்சபைகள் இத்துறையில் ஈடுபட்டமை வியப்பன்று.

செட்டிநாட்டு வழக்கத்தில் உயர்ந்த கூறு ஒன்று உண்டு. பிள்ளை கூட்டுதல் ஒரு வீட்டார் தனித்துச் செய்யும் காரியம் அன்று. பங்காளிகள் கூடுகிறார்கள், சாட்சியாய் நிற்கிறார்கள். 'இவன் இனி இவ்வீட்டுப் பிள்ளை' என்பதை ஊரே ஒப்புக்கொள்கிறது. ஊர் ஒப்பாவிடில் என்ன நேரும்? மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரன் கதை அதற்கு விடை கூறும். தாய் விட்டுச் சென்ற அக்குழந்தையை இளம்பூதி என்னும் அந்தணன் எடுத்து வளர்த்தான், வேதமும் கற்பித்தான். ஆயினும், வேள்விப் பசுவை விடுவித்த அன்று, ஊரார் அவனுடைய பிறப்பைச் சொல்லி இகழ்ந்தனர். பழி பொறாத தந்தையும் அவனை மனையினின்றும் விலக்கினான். வளர்த்த அன்பு ஊரார் வாய்க்கு அஞ்சித் தோற்றது. ஒரு வீட்டின் அன்பு எவ்வளவு பெரிதாயினும், அதனைச் சூழ்ந்து நிற்போர் துணை இல்லையேல் அது தளரும் என்பதற்கு இதனினும் பழைய சான்று நமக்கு வேண்டா.

நம் பழைய தத்து முறையில் குறையும் உண்டு. அது பிள்ளையில்லாத வீட்டுக்குப் பிள்ளை தேடியது. வீடில்லாத பிள்ளைக்கு வீடு தேடவில்லை. பெண் மகவை அது நாடவில்லை. பங்காளி வகையில் சேராத அநாதையையும் அது நாடவில்லை. அக்கதவைத் தட்டியவர்களுள் முன்னின்றவர்கள் கிறிஸ்தவத் திருச்சபையினர். அவர்கள் செய்த நன்மையும், அவர்கள் அடைந்த தடுமாற்றமும் ஒருங்கே நமக்குப் பாடமாகும்.

ஜெர்மனி நாட்டில் ஹாலே என்னும் நகரத்தில், ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்னும் போதகர் 1698ஆம் ஆண்டில் அநாதைப் பிள்ளைகளுக்காகப் பெரியதொரு இல்லத்துக்கு அடிக்கல் நாட்டினார். அதனைச் சூழப் பள்ளிகளும் அச்சகமும் மருந்துச் சாலையும் எழுந்தன. 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக் கரையில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் அங்கே கற்றவரே. தமிழ் அச்சுக்கலையின் வரலாற்றைப் பயிலும் மாணவர்கள் தரங்கம்பாடியை நினைப்பார்கள். அத்தரங்கம்பாடிக்கு வேர் ஓர் அநாதை இல்லத்தில் இருந்தது என்பதையும் சேர்த்து நினைத்தல் நலம்.

அதே ஹாலே நகரத்திலிருந்து வந்தவர் கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ் ஐயர். 1726இல் பிறந்து, 1750இல் தரங்கம்பாடியை அடைந்து, 1798இல் தஞ்சையில் மறையும் வரை 48 ஆண்டுகள் நம் நாட்டிலேயே வாழ்ந்தார். நம் சிவகங்கைச் சீமைக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. தஞ்சையில் கும்பினியின் பிரதிநிதியாயிருந்த சல்லிவன் என்பவரின் முயற்சியோடு சேர்ந்து, 1785ஆம் ஆண்டளவில் தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய மூன்று இடங்களில் ஆங்கிலக் கல்விக்கான பள்ளிகளை அவர் நிறுவினார். அவர் மணம் புரிந்தவர் அல்லர். ஆயினும் அவரைத் தந்தையாக நினைத்து வளர்ந்த பிள்ளைகள் பலர். அவர்களுள் மூவரை மட்டும் கூறுகிறேன்.

முதல்வர் ஜான் காஸ்பர் கோலாப். தரங்கம்பாடியில் பணியாற்றிய ஜெர்மானியப் போதகர் ஒருவரின் மகன். சிறு வயதிலேயே சுவார்ட்ஸிடம் ஒப்படைக்கப்பட்டு, வளர்ந்து, அவருக்குப் பின் அவருடைய பணியை ஏற்றவர். இரண்டாமவர் நம் மொழிக்கு அணிசெய்த வேதநாயகம் சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த இவரைப் பன்னிரண்டு வயதளவில் சுவார்ட்ஸ் ஐயர் தந்தையாரின் இசைவோடு தஞ்சைக்கு அழைத்துவந்து வளர்த்தார். 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய கவிஞர் அவ்வாறு வளர்ந்தவரே. மூன்றாமவர் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி. இம்மூன்றாம் பிள்ளையின் கதையில்தான் நாம் இன்று தேடும் பாடம் நிறைந்திருக்கிறது.

தஞ்சை மராட்டிய மன்னர் துளஜா தம் மக்களை இழந்து, நோயுற்று, வாரிசின்றி வருந்திய காலம் அது. 1787ஆம் ஆண்டில் தம் குலத்தின் வேறொரு கிளையில் பிறந்த பத்து வயதுக்குட்பட்ட சிறுவனைத் தத்து எடுத்துச் சரபோஜி எனப் பெயரிட்டார். சுவார்ட்ஸ் ஐயரை அழைத்து, அப்பிள்ளையை அவர் கையிலேயே ஒப்புவிக்க விரும்பினார். ஐயர் தயங்கினார். 'என்றோ ஒருநாள் வந்து பார்ப்பவனால் அரண்மனைப் பிள்ளையை எவ்வாறு காக்க இயலும்?' என்பது அவருடைய தயக்கம். மன்னரின் சகோதரராகிய அமர்சிங்கின் பொறுப்பில் விடுவதே தக்கது என்று அவர் கூறிய அறிவுரையை மன்னர் ஏற்றார்; சில நாளில் மறைந்தார்.

அவ்வறிவுரை பிள்ளைக்குத் தீங்காய் முடிந்தது. அமர்சிங் அரசுரிமை தமதே என்றார். கும்பினியார் பண்டிதர்களை வினவினர். தத்து செல்லாது என்று விடை வந்தது. பெற்ற தந்தைக்குச் சரபோஜி ஒரே மகன் என்பதும், தத்துக்குரிய வயதைக் கடந்தவர் என்பதும் கூறப்பட்ட காரணங்கள். அமர்சிங் அரியணை ஏறினார். பிள்ளையாக எடுக்கப்பட்டவன் ஒரே நாளில் யாருக்கும் பிள்ளை அல்லாதவன் ஆனான். கல்வி தடைப்பட்டது. அரண்மனையில் அடைபட்டவனைப்போல் வைக்கப்பட்டான்.

இங்கேதான் சுவார்ட்ஸ் ஐயரின் பெருமை விளங்குகிறது. 'என் கடமை முடிந்தது' என்று அவர் ஒதுங்கவில்லை. தாம் சொன்னது பிழையாயிற்று என்பதை மறைக்க முயலவுமில்லை. சென்னை அரசாங்கத்துக்கு மீண்டும் மீண்டும் எழுதினார். சரபோஜியின் பாதுகாவலராகப் பொறுப்பேற்றார். பிள்ளைக்குக் காவலும் கல்வியும் கிடைக்கச் செய்தார். 1793ஆம் ஆண்டில் துளஜாவின் அரசியருடன் சரபோஜி சென்னைக்கு அனுப்பப்பட்டார்; அங்கே கெரிக்கே என்னும் போதகர் கல்வி கற்பித்தார். மறுபடியும் பண்டிதர்கள் வினவப்பட்டனர். தத்து முறையானதே என்னும் தீர்ப்புக் கிடைத்தது. 1798ஆம் ஆண்டின் நடுவில் சரபோஜி அரியணை ஏறினார். அதற்குச் சில மாதம் முன்பு, பிப்ரவரி 13ஆம் நாள், சுவார்ட்ஸ் ஐயர் கண்மூடிவிட்டார். தாம் பத்தாண்டு காத்து நின்ற வாயிலின் கதவு திறப்பதை அவர் காணவில்லை.

வரலாற்று மாணவர் ஒன்றை மறத்தல் ஆகாது. கும்பினியார் நீதி ஒன்றையே கருதி இதனைச் செய்தார்கள் என்று நான் கூறமாட்டேன். 1799ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் ஆட்சி முழுவதும் அவர்கள் கைக்குச் சென்றது. ஐம்பத்தாறு ஆண்டுக்குப் பின், 1855இல் சரபோஜியின் மகன் ஆண் வாரிசின்றி மறைந்தபோது அரச பட்டத்தையே அவர்கள் நீக்கிவிட்டனர். ஜான்சியில் தத்துப் பிள்ளையின் உரிமையை மறுத்ததும் அவர்களே. ஆட்சியாளருக்குத் தத்து ஆதாயக் கணக்கு. சுவார்ட்ஸ் ஐயருக்கோ அது ஒரு பிள்ளையின் வாழ்வு.

மற்றொன்றும் குறிக்கத் தக்கது. பாதுகாவலர் கிறிஸ்தவப் போதகர். பிள்ளையோ இறுதிவரை இந்துவாகவே வாழ்ந்தார். சமயம் மாறாமையால் அவ்வன்பு குறையவில்லை. பிள்ளையின் நன்றியும் குறையவில்லை. சரபோஜி மன்னர் இங்கிலாந்தின் பெயர்பெற்ற சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு சலவைக் கல்லில் ஒரு நினைவுச் சிற்பம் செதுக்குவித்துத் தஞ்சைத் தேவாலயத்தில் நிறுவினார். படுக்கையில் கிடக்கும் ஐயரின் கையைச் சரபோஜி பற்றியிருக்கும் காட்சியை இன்றும் அங்கே காணலாம். அவருக்காக மன்னர் தாமே ஆங்கிலத்தில் கவிதையும் எழுதினார். சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்த கை, ஒரு பாதுகாவலரின் கையைப் பற்றி வளர்ந்த கை என்பதை மாணவ நண்பர்கள் தஞ்சைக்குச் செல்லும்போது நினைத்துப் பார்க்க வேண்டும்.

சுவார்ட்ஸ் ஐயர் ஒருவர். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரே காலத்தில் அநாதைகளானால் என் செய்வது? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சம் அந்த வினாவை எழுப்பியது. திருநெல்வேலிச் சீமையில் நாசரேத் என்னும் ஊரில் ஆர்தர் மர்காஷிஸ் ஐயர் பஞ்சத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்தார். சோறு மட்டும் போதாது என்று கண்டு 1878இல் கைத்தொழிற் பள்ளியும் தொடங்கினார். பசியினின்றும் உயிரைக் காக்க இல்லங்கள் இன்றியமையாதன. ஆனால் நூறு பிள்ளைகளுக்கு ஒரு மணி, ஒரு கூடம், ஒரே வகைச் சட்டை என்னும் வாழ்வில் 'என் வீடு' என்னும் சொல்லுக்கு இடம் குறைவு.

அக்குறையை உணர்ந்தவர்களுள் ஒருவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். அயர்லாந்தில் பிறந்து, 1895இல் இந்தியா வந்த அவர், 1901ஆம் ஆண்டு முதல் திருநெல்வேலியை அடுத்த டோனாவூரில், கோயிற் பணிக்கென்று விடப்பட்ட சிறுமிகளையும் ஆதரவற்ற மகவுகளையும் ஏற்று வளர்த்தார். 1951இல் மறையும் வரை அவ்வூரிலேயே வாழ்ந்து பணியாற்றினார். அங்கே பிள்ளைகள் சிறு சிறு வீடுகளில், குடும்பம்போல் வாழ்ந்தனர். வளர்த்த பெண்களை 'சித்தி' என்றும் 'அக்காள்' என்றும், ஆடவரை 'அண்ணாச்சி' என்றும் அழைத்தனர். அம்மையாரோ 'அம்மை' ஆனார். முறைப்பெயர் சொல்லி அழைக்க ஒருவர் இல்லாத பிள்ளைக்குச் சோறு செரிக்காது என்பதை அயல்நாட்டு அம்மையார் நம் மொழியிலேயே கற்றுக்கொண்டார்.

இனி, என் வாழ்வில் நான் கண்ட ஒன்றைக் கூறுகிறேன். 1980களில் காரைக்குடியில் என் நண்பராயிருந்த கிறிஸ்தவ ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் ஒரு பெண் குழந்தையை எடுத்து வளர்த்தார்கள். அக்குழந்தை சட்டப்படி அவர்களுடைய மகள் அல்லள். ஏனெனில் 1956ஆம் ஆண்டின் இந்து தத்து மற்றும் சீவனாம்சச் சட்டம் பெண் மகவையும் தத்து எடுக்கலாம், பெண்ணும் தத்து எடுக்கலாம் என்று புது வழி திறந்ததேனும், கிறிஸ்தவர்க்கும் முஸ்லிம்களுக்கும் பார்சிகளுக்கும் அது பொருந்தவில்லை. அவர்களுக்கு 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம் ஒன்றே புகலிடம். அதன்படி வளர்த்தவர் 'பாதுகாவலர்'; தந்தை அல்லர். பிள்ளை உரிய வயதை அடைந்ததும் அவ்வுறவு சட்டத்தின் கண்ணில் முடிந்துவிடும். உயில் எழுதி வைத்தாலன்றிச் சொத்திலும் உரிமை இல்லை. பல சமயத்தார்க்கும் பொதுவான தத்துச் சட்டம் இயற்ற 1972இலும் 1980இலும் மசோதாக்கள் கொணரப்பட்டன, இரண்டும் நிறைவேறவில்லை.

அக்குழந்தையைப் பள்ளியில் சேர்க்கச் சென்ற நாளில் நானும் உடன் சென்றிருந்தேன். விண்ணப்பத்தில் நண்பர் தந்தையின் பெயர் என்னுமிடத்தில் தம் பெயரை எழுதினார். தாள்களைப் பார்த்த அலுவலர் அதனை அடித்து, குழந்தையின் முன்னிலையிலேயே, "நீங்கள் தந்தை இல்லையே, பாதுகாவலர் என்று எழுதுங்கள்" என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரியே. சொன்ன முறைதான் நெஞ்சைச் சுட்டது. திரும்பி வரும் வழியில் அக்குழந்தை, "பாதுகாவலர் என்றால் வாசலில் நிற்பவரா அப்பா?" என்று கேட்டது. நண்பர் சிறிது நேரம் பேசாமல் நடந்தார். பிறகு, "ஆமாம் கண்ணு, நான் வாசலில்தான் நிற்பேன்" என்றார்.

அதனினும் பெரிய துன்பம் அவர்களுக்குத் தேவாலயத்தில் நேர்ந்தது. ஆராதனை முடிந்து வெளியே வருகையில், "யார் பெற்ற பிள்ளையோ!" என்று இரக்கம்போல் பேசுவோர் இருந்தனர். அவ்விரக்கம் குழந்தையின் காதில் இகழ்ச்சியாகவே விழுந்தது. அவ்வாண்டு அங்கு வந்த புதிய போதகர் இதனை அறிந்தார். மேடையில் நின்று எவரையும் கடிந்து பேசவில்லை. ஒவ்வொரு வீடாகச் சென்று பேசினார். குழந்தைக்கு விஷக்காய்ச்சல் கண்டு மருத்துவமனையில் கிடந்த பன்னிரண்டு நாளும், சபையைச் சேர்ந்த பெண்கள் முறைவைத்து இரவில் துணைக்கு இருந்தார்கள். வீட்டுக்குக் கஞ்சியும் சோறும் சென்றன. அதன்பின் அப்பழைய பேச்சு எழவில்லை. கண்விழித்துக் காத்த பிள்ளையை 'யார் பெற்றதோ' என்று சொல்ல வாய் வருமா? அவள் இன்று ஆசிரியையாக இருக்கிறாள்.

சட்டம் அவளுக்குப் பின்னரே வழி திறந்தது. 2000ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும், 2006இல் அதற்குச் செய்த திருத்தமும், சமய வேறுபாடின்றி எவரும் தத்து எடுக்கவும், அப்பிள்ளை பெற்ற பிள்ளைக்குரிய உரிமைகளைப் பெறவும் வகை செய்தன. 2014ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. 2015ஆம் ஆண்டின் புதிய சட்டம் தத்தோடு 'வளர்ப்புப் பராமரிப்பு' என்பதையும் விளக்கமாக வகுத்தது. தத்து என்பது நிலையானது. வளர்ப்புப் பராமரிப்போ, பெற்றோரிடம் இப்போது வாழ இயலாத பிள்ளையைச் சில காலம் வேறொரு குடும்பம் ஏற்று வளர்ப்பது. 2021இல் செய்த திருத்தத்தின்படி தத்து ஆணையை இப்போது மாவட்ட ஆட்சியர் வழங்குகிறார்.

இவ்வளவும் அறிந்தபின், திருச்சபைகள் செய்யத் தக்கது யாது என்று கேட்போம். எனக்குத் தோன்றுவனவற்றைக் கூறுகிறேன்.

முதலாவது, பெற்ற தாய்க்குத் துணை நிற்றல். வறுமை ஒன்றினாலேயே பிள்ளையைப் பிரிய நேரும் தாய்க்குத் தேவை ஆறுதல் சொல்லன்று. தொழிலும் வாடகையும் பாலும் ஆகும். ஒரு பிள்ளையைத் தாயிடமே இருக்கச் செய்வது, நூறு பிள்ளைகளுக்கு இல்லம் கட்டுவதற்கு ஒப்பாகும். பிள்ளையை முறைப்படி ஒப்படைத்த தாய்க்கும், மனம் மாறித் திரும்பப் பெற 60 நாள் அவகாசத்தைச் சட்டம் தந்திருக்கிறது. அந்நாட்களில் அவளிடம் அன்பாகப் பேச ஒருவர் வேண்டும்.

இரண்டாவது, சட்டத்தின் வழியே நடத்தல். 'ஆதரவற்ற குழந்தை ஒன்று இருக்கிறது. பிள்ளையில்லாத குடும்பம் ஒன்று இருக்கிறது. இவ்விருவரையும் நாமே சேர்த்துவிடுவோம்' என்று நல்லெண்ணத்தால் எண்ணுவோர் உண்டு. அது குற்றம், மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கும் உரியது. அதனினும் மேலாக, அது பிள்ளைக்குத் தீங்கு. தாளில்லாத தத்து என்ன துன்பம் தரும் என்பதைச் சரபோஜியின் வரலாறு காட்டிற்று. அரசகுமாரனுக்கே அந்நிலையென்றால் ஏழைப் பிள்ளையின் நிலை என்ன? கண்டெடுத்த குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைப்பதும், 1098 என்னும் தொலைபேசி எண்ணுக்கு உடனே தெரிவிப்பதும் நம் கடமை. விரும்பும் குடும்பங்களுக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு வழிகாட்டி, விண்ணப்பம் எழுத உதவக் கற்றவர் ஒருவர் ஒவ்வொரு சபையிலும் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, சூழ்ந்து நிற்றல். முகப்பில் அமர்ந்த பங்காளிகள் ஒருநாள் சாட்சி. திருச்சபை நாள்தோறும் சாட்சியாதல் கூடும். புதிய பிள்ளை வந்த வீட்டில் முதல் ஆண்டு கடினமானது. இரவில் அலறும் பிள்ளை உண்டு. உணவை ஒளித்து வைக்கும் பிள்ளை உண்டு. எவரையும் நம்பாத பிள்ளை உண்டு. அப்போது தாய் தந்தையர்க்கு அறிவுரையைவிட ஓர் இரவு உறக்கமே பெரிய உதவி. வளர்ப்புக் குடும்பத்தின் துயரம் இன்னும் வேறு. அன்பைக் கொட்டி வளர்த்த பிள்ளை தன் பெற்றோரிடம் திரும்பும் நாள் வரும், வருவதே நோக்கம். அன்று அவ்வீடு மகிழவும் வேண்டும், அழவும் வேண்டும். சாவு வீட்டுக்குச் செல்லத் தெரிந்த ஊராருக்கு அவ்வீட்டுக்கும் செல்லத் தெரிய வேண்டாமா?

நான்காவது, பிள்ளையின் உண்மையை மதித்தல். அவனுடைய பிறப்பு, அவனுடைய பழைய பெயர், அவன் மொழி, அவன் பெற்றோரின் சமயம் ஆகிய இவை அவனுடைய உடைமை. அவற்றை மறைத்தோ அழித்தோ அன்பு செய்ய முயல்வது, ஒரு கையால் கொடுத்து மறுகையால் பறிப்பதாகும். சமயம் பெருக்கும் வழியாகப் பிள்ளையைக் கருதுவோர் தஞ்சைத் தேவாலயத்துச் சிற்பத்தின் முன் ஒருகணம் நிற்க வேண்டுகிறேன். அங்கே ஐயரின் கையைப் பற்றி நிற்பவர் அவர் சபையைச் சேர்ந்தவர் அல்லர், அவர் பிள்ளை.

மாணவ நண்பர்களே! இவையெல்லாம் பெரியவர்கள் காரியம் என்று நீங்கள் ஒதுங்க வேண்டா. உங்கள் வகுப்பில், உங்கள் விடுதியில், பெற்றோர் பெயரைக் கேட்டால் தலை கவிழும் தோழன் ஒருவன் இருக்கக்கூடும். ஊராரின் வாய்தான் ஆபுத்திரனை வீட்டிலிருந்து விலக்கியது. அவ்வூரில் ஒரு தோழன் அவன் பக்கம் நின்றிருந்தால், கதை வேறாயிருக்கும் அன்றோ?

எங்கள் தெருவில் அன்று பட்டு உடுத்து நின்ற சிறுவனைப் பற்றி ஒரு சொல். அவன் என்னிடம் பெயர் கேட்டபோது நான் என் பெயரைச் சொன்னேன். அவனுடைய பழைய பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. பல ஆண்டுகள் கழித்து, இருவரும் நரைத்த பின், ஒரு திருமண வீட்டில் சந்தித்தபோது கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "அறுபது ஆண்டில் அதைக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தாம்" என்றார். பிறகு வெகுநேரம் என் கையை விடவில்லை.